58 விக்கெட் யாருடையது?

செமஸ்டர் பரீட்சை ஒருவழியாக முடிந்து ஊருக்கு (எம். புதுப்பட்டி, சிவகாசிப் பக்கம்) வந்துவிட்டேன். போன பதிவில் கண்மாய்களைப் பற்றி எழுதினேன். இந்த முறை கிரிக்கெட். கிரிக்கெட் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படிக்கவும், பாதிக்கு மேல் விஷயம் வேறு பக்கம் போய்விடும்.

இதெல்லாம் ஆரம்பித்தது கல்லூரி வினாடி வினாவில். கேள்வி: "பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக வெற்றிகள் பெற்ற பிட்சர் யார்?"

எங்கள் டீமில் யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாதது பெரிய விஷயமில்லை. பக்கத்தில் இருந்த நண்பன் என் காதில் கேட்டான், "பந்து போடுறவனுக்கு எப்படிடா வெற்றி வரும்? வெற்றி டீமுக்குத்தானே?"

அவனுக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் படித்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வினாடி வினா பதில். சார்லஸ் ராட்போர்ன். வருடம் 1884, அணி பிராவிடன்ஸ் கிரேஸ். பழைய புத்தகங்களில் 60 வெற்றி, பிறகு கணக்கைத் திருத்தியவர்கள் 59 என்கிறார்கள். அந்த வருடம் அந்த அணி ஜெயித்ததே 84 ஆட்டங்கள். அதில் 59 அல்லது 60 இவர் பெயரில்!

பேஸ்பாலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியையும் ஜெயித்த அணியின் ஒரு பிட்சர் பெயரில் எழுதிவிடுவார்கள். தோல்வியையும் அப்படியே, தோற்ற அணியின் ஒரு பிட்சர் தலையில். இப்போதுள்ள விதிப்படி ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவர் வெளியே போகும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசிவரை போகக் கூடாது. அப்படி இருந்தால் வெற்றி அவருக்கு. அவருடைய அணி மட்டையைப் பிடித்து ரன் எடுக்கவில்லை என்றால் அவர் என்ன வீசினாலும் வெற்றி கிடையாது.

இதில் வேடிக்கை என்ன என்றால், 2018-ல் ஜேக்கப் டிகிராம் என்ற பிட்சர் வெறும் 10 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கோடு நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.70. அதாவது அபாரமாக வீசினார், அவருடைய அணிதான் ரன் அடிக்கவில்லை. ஆக, அமெரிக்காக்காரர்களே நூறு வருடத்துக்கு மேல் எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்கு சரியில்லையோ" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாம் அந்தத் தப்பைச் செய்யவில்லை, நம்மிடம் விக்கெட் கணக்குதானே இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை :-)

நம் ஊர்ப் பட்டியல்

ரஞ்சிக் கோப்பையில் ஒரே சீசனில் அதிக விக்கெட் எடுத்தவர்கள் யார் என்று தேடினேன்.

பிஷன் சிங் பேடி, டெல்லி, 1974-75: 64 விக்கெட். இந்தச் சாதனை நாற்பது வருடத்துக்கு மேல் அசையவில்லை. 2018-19-ல் பீகாரின் அசுதோஷ் அமன் 68 எடுத்து அதை உடைத்தார். அடுத்த வருடமே சௌராஷ்டிராவின் ஜெய்தேவ் உனத்கட் 67 எடுத்து ஒன்றில் தவறவிட்டார். 2024-25-ல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69. இப்போது அதுதான் உச்சம். நாலு பேருமே இடக்கைப் பந்துவீச்சாளர்கள்! உனத்கட் மட்டும் வேகம், மற்ற மூவரும் சுழல்.

தமிழ்நாட்டுக்கு வந்தால், 1972-73-ல் வெங்கட்ராகவன் எடுத்த 58. அதற்கு அடுத்து 2023-24-ல் சாய் கிஷோர் எடுத்த 53.

சரி, இவர்கள் எல்லாம் கோப்பையை வாங்கினார்களா?

பேடியின் 64 விக்கெட் சீசனில் கோப்பை பம்பாய்க்குப் போனது. அமனின் 68, பிளேட் பிரிவில். அந்த வருடம்தான் பீகார் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ரஞ்சிக்குத் திரும்பியது. எதிரே வந்தவர்களில் பெரும்பாலும் முதன்முறையாக ரஞ்சி ஆடும் வடகிழக்கு மாநில அணிகள். அந்த 68 விக்கெட்டோடும் பீகார் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை.

வெங்கட்ராகவனின் 58? அந்த சீசனில் தமிழ்நாடு இறுதிப் போட்டிவரை போனது. சேப்பாக்கத்தில் ஆட்டம். சுழலுக்கு உதவும் ஆடுகளம். நம்மிடம் வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று இரண்டு பெரிய கைகள். பம்பாய் முதல் இன்னிங்ஸில் 151, இரண்டாவதில் 113. இதைவிட ஒரு பந்துவீச்சுக் கூட்டணி என்ன செய்ய முடியும்? அதே ஆட்டத்தில் நம் கல்யாணசுந்தரம் ஹாட்ரிக் வேறு எடுத்தார்.

ஆனால் நாம் எடுத்தது 80-ம் 61-ம். பம்பாயின் இடக்கைச் சுழல் பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன் கொடுத்து 5 விக்கெட். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிந்தது. 123 ரன் வித்தியாசம். பம்பாய்க்குத் தொடர்ந்து 15-வது கோப்பை.

சாய் கிஷோரின் 53-ம் கிட்டத்தட்ட அதே கதைதான். 2024 மார்ச்சில் மும்பையில் அரையிறுதி. தமிழ்நாடு முதலில் ஆடி 146-க்குச் சுருண்டது. பிறகு சாய் கிஷோர் மும்பையை ஒரு கட்டத்தில் 106-க்கு 7 என்று நிறுத்தினார், மொத்தம் 6 விக்கெட். அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் வந்து 109 அடிக்க, மும்பை 378 போனது. நாம் மறுபடியும் 162. ஒரு இன்னிங்ஸ், 70 ரன் தோல்வி. டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்ததுதான் தவறு என்று நம் பயிற்சியாளரே வெளிப்படையாகச் சொன்னார். டாஸ் போட்ட கேப்டன் யார்? அதே சாய் கிஷோர். சீசன் முழுக்க 53 விக்கெட் எடுத்தவர் மேலேயே கடைசியில் தோல்வியையும் எழுதினார்கள். பேஸ்பாலில் தோல்வியை ஒரு பிட்சர் பெயரில் எழுதுகிறார்களே, நாம் மட்டும் என்ன வேறு?

இதற்கு அமெரிக்காவிலும் ஒரு ஜோடி உண்டு. 1904-ல் நியூயார்க் அணியின் ஜாக் செஸ்ப்ரோ 41 வெற்றி. இருபதாம் நூற்றாண்டில் யாரும் அதைத் தாண்டவில்லை. ஆனால் அந்த சீசனின் கடைசி நாளில், பாஸ்டனுக்கு எதிராக, கடைசி இன்னிங்ஸில் அவர் வீசிய ஒரு பந்து கைதவறிப் பிடிப்பவரைத் தாண்டிப் போனது. அந்த ஒரு ரன்னில் லீக் பட்டம் போனது. 41 வெற்றியை விட்டுவிட்டு அந்த ஒரு பந்தைத்தான் காலம் முழுக்க அவரிடம் பேசினார்கள்.

எல்லாம் இப்படித்தான் என்று சொல்லவும் மாட்டேன். உனத்கட்டின் 67-ல் சௌராஷ்டிரா முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. துபேயின் 69-ல் விதர்பா வாங்கியது. அதனால் "சாதனை வந்தால் கோப்பை வராது" என்று விதி ஒன்றும் கிடையாது. என் சந்தேகம் வேறு.

பெரிய எண் எப்போது வருகிறது?

ராட்போர்ன் ஏன் அத்தனை ஆட்டம் வீசினார் என்று பார்த்தால், அணியில் இருந்த இன்னொரு பிட்சர் சார்லி ஸ்வீனி ஜூலை மாதம் அணியை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் இல்லை. இவரே ஏறக்குறைய நாள் தவறாமல் வீசினார். அந்த வருடம் மட்டும் 678 இன்னிங்ஸுக்கு மேல். காலையில் கையைத் தூக்கித் தலை சீவ முடியாத நிலை என்று எழுதியிருக்கிறார்கள்.

60 வெற்றி என்று கேட்டதும் நமக்கு வாய் பிளக்கிறது. "இன்னொரு ஆள் இல்லை" என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

தமிழ்நாடு ரஞ்சி வாங்கியது இரண்டே முறை. 1954-55, பிறகு 1987-88. அந்த 1987-88 சீசனில் வாசுதேவன் கேப்டன், இடக்கைச் சுழல். இன்னொரு பக்கம் இளைஞர் வெங்கடரமணா. இறுதிப் போட்டியில் ரயில்வேஸுக்கு எதிராக நம் அணி 700 ரன்னுக்கு மேல் குவித்தது. அந்த வருடம் வெங்கட்ராகவனின் 58-ஐ யாரும் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை.

என் கருத்து இதுதான்: ஒரு சீசனின் மிகப் பெரிய எண் பல சமயம் திறமையின் அளவு மட்டுமல்ல, ஒருவர் தோளில் ஏற்றிய பாரத்தின் அளவும்கூட. நாம் திறமைக்குக் கை தட்டுகிறோம். பாரத்தைக் கேட்பதில்லை.

மறுமுனை

கிரிக்கெட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பேஸ்பாலில் பிட்சர் ஒரே இடத்தில் நின்று அவரே தொடர்ந்து வீசலாம். கிரிக்கெட் விதிப்படி ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீச முடியாது. அதாவது விதியே சொல்கிறது, பந்துவீச்சு என்பது இரண்டு பேர் வேலை. எந்த ஓவரும் இன்னொருவர் ஓவருக்குப் பிறகுதான் வருகிறது.

1999 பிப்ரவரி, டெல்லி. கும்ப்ளே பாகிஸ்தானுக்கு எதிராக 74 ரன்னுக்கு 10 விக்கெட். நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்பது விக்கெட் ஆனதும் மறுமுனையில் ஸ்ரீநாத் என்ன செய்தார்? தப்பித் தவறித் தனக்கு விக்கெட் விழுந்துவிடக் கூடாது என்று ஸ்டம்பை விட்டுத் தள்ளித் தள்ளி வீசினார். அந்த ஓவர் ஸ்கோர் அட்டையில் ஒரு வீணான ஓவர். ஆனால் அது இல்லாமல் 10/74 இல்லை.

என் நண்பன் (அதே வினாடி வினா நண்பன்) இதற்கு மறுப்பு வைத்திருந்தான். "1956-ல் ஓல்டு டிராஃபோர்டில் ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்தார். மறுமுனையில் டோனி லாக். ஒரே ஆடுகளம், ஒரே எதிரணி. லாக் எடுத்தது ஒன்று. அப்ப லேக்கர் பெரியவர்தானே? எல்லாத்தையும் பங்கு போடாதே."

நல்ல கேள்வி. லேக்கர் பெரியவர்தான், சந்தேகமில்லை. விக்கெட் எடுப்பது ஒரு கலை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்கோரைப் போய்ப் பார்த்தேன். லேக்கர் அந்த ஆட்டத்தில் வீசியது 68 ஓவர். லாக் வீசியது 69. ஒரு ஓவர் கூட! இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் 55 ஓவர் வீசி 69 ரன்தான் கொடுத்தார். ஆஸ்திரேலியாக்காரர்கள் அந்தப் பக்கம் போய் மூச்சு விட்டுக்கொள்ளக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. லேக்கரின் 19-ஐக் குறைக்க வேண்டாம். பக்கத்தில் லாக்கின் 69 ஓவரையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சாய் கிஷோர் 53 எடுத்த சீசனில் மறுமுனையில் இன்னொரு இடக்கைச் சுழல், அஜித் ராம், 40-க்கு மேல் எடுத்தார். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சாய் கிஷோரை ஐ.பி.எல். தயவால் எல்லோருக்கும் தெரிகிறது. அஜித் ராமைச் சொன்னது இரண்டே பேர்.

சிவால்கர், அந்த 8/16 சிவால்கர், ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல், ரஞ்சியில் 600-க்கு மேல் விக்கெட் எடுத்தவர், அவரும் ஆடவில்லை. இருவரும் இடக்கைச் சுழல். அந்த இடத்தில் பேடி இருந்தார். அவ்வளவுதான். கோயல் 2020-லும், பேடி 2023-லும், சிவால்கர் 2025-லும் காலமானார்கள். எண்களின் உலகத்திலேயே எண்கள் இப்படித்தான் நியாயம் செய்கின்றன.

எங்கள் கண்மாய்

இனி சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

எங்கள் ஊரில் வெயில் காலத்தில் கண்மாய் வற்றியதும் அதுதான் மைதானம். சுற்றிலும் சீமைக்கருவேலம், அதுதான் பவுண்டரி. பந்து உள்ளே போனால் முள்ளோடுதான் வெளியே வரும். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர் ஆட்டம், ஒருவருக்கு இரண்டு ஓவர். பட்டாசு ஆலை, அச்சகம், தீப்பெட்டி என்று ஆளுக்கொரு வேலையில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்டம்.

எனக்கு மட்டையும் சுற்றத் தெரியாது, பந்தும் போட வராது. அதனால் ஸ்கோர் நோட்டு என் கையில். ஸ்கோரர் என்றால் நிழல், ஸ்டூல், தண்ணீர் பாட்டில். ராஜ வாழ்க்கை!

மூன்று வருடத்துக்கு முன் ஒரு டோர்னமென்ட். எங்கள் அணியில் வேகமாகப் போடும் ஒரு அண்ணன், மெதுவாகப் போடும் ஒரு அண்ணன். பெயர் வேண்டாம், இருவருமே எனக்கு வேண்டியவர்கள். வேக அண்ணன் மொத்தம் 14 விக்கெட். மெது அண்ணன் 3.

கடைசி நாள் பரிசளிப்பு. மேஜையில் கோப்பைகள், மைக்செட் அலறுகிறது. பரிசு கொடுக்கும் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அதிக விக்கெட் யாருப்பா?" என்றார்.

நான் பெயரைச் சொன்னேன். சிறந்த பந்துவீச்சாளர் கோப்பை வேக அண்ணனுக்குப் போனது. விசில், பட்டாசு, தோளில் தூக்கல் எல்லாம்.

நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன். ஆனால் அந்த நோட்டில் இன்னொன்றும் இருந்தது. மெது அண்ணன் பந்தில் ரன்னே வராது. எட்டு ஓவர் ஆட்டத்தில் ரன் வராத ஒரு ஓவர் என்றால் என்ன என்று ஆடியவர்களுக்குத் தெரியும். அடுத்த ஓவரில் பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியே ஆக வேண்டும். அப்படிச் சுற்றித்தான் வேக அண்ணனிடம் கேட்ச் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 14-ல் 11 விக்கெட், மறுமுனையில் மெது அண்ணன் வீசிக்கொண்டிருந்தபோது விழுந்தவை. வேறு ஆள் வீசியபோது மூன்றே மூன்று.

இது நிரூபணம் இல்லை, தெரியும். சில ஆட்டங்களின் கணக்கு இது. வேக அண்ணன் நன்றாகவும் வீசினார். ஆனால் அந்த நோட்டு என் கையில்தான் இருந்தது. "அதிக விக்கெட் இவரு, ஆனா குறைஞ்ச ரன் அவரு" என்று ஒரு வரி மைக்கில் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, சொல்லவில்லை.

மெது அண்ணன் ஆலையில் லோடு ஏற்றும் வேலை. வாரம் முழுக்க மூட்டையும் பெட்டியும் தூக்கிவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கே முதல் ஆளாக வந்து பிட்ச் பெருக்குகிறவர். அடுத்த வருடம் அவர் வரவில்லை. "வேலைடா, உடம்பு முடியல" என்றார். இருக்கலாம். காரணம் அந்தக் கோப்பைதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வராத வருடம் வேக அண்ணனுக்கும் விக்கெட் அவ்வளவாக விழவில்லை. நாங்கள் முதல் சுற்றிலேயே வெளியே.

அம்மாவின் கணக்கு நோட்டு

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்தால், வீட்டுக்குள்ளேயே இதைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன்.

அம்மா முன்பு சரம் பின்னப் போவார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்த பிறகு அந்த வேலை நின்றது. பிறகு வீட்டில் பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டும் வேலை. மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும். கூலி எண்ணிக்கைக்கு. வாரக் கடைசியில் ஒருவர் வந்து எண்ணி, நோட்டில் எழுதி, சனிக்கிழமை காசு கொடுப்பார்.

நோட்டில் அம்மா பெயர் மட்டும். தெருவிலேயே அதிக எண்ணிக்கை எங்கள் வீடுதான் என்று ஒரு பெயரும் உண்டு. "உங்க அம்மா கை மிஷின்டா" என்பார்கள்.

ஆனால் பசை காய்ச்சியது அப்பத்தா. காகிதத்தை அடுக்கிப் பசை தடவி அம்மா கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தது அப்பத்தா. வெயிலில் காய வைத்து, மழை தூறினால் ஓடிப் போய் அள்ளியது தங்கை. எண்ணிக் கட்டியது நான். அப்பத்தாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. எழுத வந்தவர், "என்னக்கா, இந்த வாரம் கை ஓடலையா?" என்று அம்மாவைத்தான் கேட்டார்.

அம்மாவின் கை ஓடித்தான் இருந்தது. மறுமுனையில் ஆள் இல்லை.

எண்ணுக்கு மட்டும் கூலி என்னும்போது இன்னொன்றும் நடக்கிறது. எல்லோருடைய கண்ணும் வேகத்தின் மேலேயே போய்விடுகிறது. குழாய் உருட்டுவதில் வேகம் போனால் விரல் தேயும், அவ்வளவுதான். மருந்து அறையில் அப்படி இல்லை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவசரப்படாமல், கீழே சிந்தியதைக் கூட்டி, பக்கத்து ஆளையும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்யும் ஒரு அக்கா எல்லா ஆலையிலும் இருப்பார். அவருடைய எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அவரால் நடக்காமல் போன விபத்துகளுக்கு எந்த நோட்டில் கட்டம் இருக்கிறது?

அப்போ என்னதான் செய்யச் சொல்கிறாய்?

எண்களை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நானே ஸ்கோரர், என் பிழைப்பே போய்விடும். எண் இல்லாவிட்டால் இன்னும் மோசம். சிபாரிசு உள்ளவனுக்கும் சத்தம் போடுகிறவனுக்கும்தான் கோப்பை போகும். கோயலும் சிவால்கரும் டெஸ்ட் ஆடவில்லை என்றாலும் இன்று நாம் அவர்களைப் பேசுவதே அவர்களுடைய எண்கள் நோட்டில் இருப்பதால்தான்.

நான் கேட்பது, ஒரு சாதனை எண்ணைப் பார்த்ததும் கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்வி. எத்தனை ஆட்டத்தில்? யாருக்கு எதிராக? மறுமுனையில் யார்? பேடியின் 64-ம் அமனின் 68-ம் துபேயின் 69-ம் ஒரே வரிசையில் நின்றாலும் ஒரே மாதிரி எண்கள் இல்லை. முதல் இரண்டு கேள்வியை இப்போது டி.வி.யிலேயே கேட்கிறார்கள். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் மெது அண்ணனைப் பார்த்தேன். அந்தப் பழைய நோட்டுக் கணக்கைச் சொன்னேன். 14-ல் 11 என்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். சிரிப்பார், தோளில் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

"இதை அன்னைக்கு மைக்குல சொல்லியிருக்கணும்டா தம்பி. இப்ப டீக்கடையில சொல்லி என்ன?" என்றார். டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரியாகத்தான் சொன்னார்.

இந்த வருட டோர்னமென்டுக்குப் புது ஸ்கோர் நோட்டு வாங்கியிருக்கிறேன். விக்கெட் கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறேன். தலைப்பு: "மறுமுனை". பரிசு கொடுக்கும் பெரியவர் இந்த முறையும் "அதிக விக்கெட் யாருப்பா?" என்றுதான் கேட்பார். நான் இரண்டு பெயரைப் படிப்பதாக இருக்கிறேன். திட்டு விழுமா, விசில் விழுமா தெரியாது. நடந்ததை வந்து எழுதுகிறேன்.

உங்கள் ஊரிலும், உங்கள் வகுப்பிலும், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மறுமுனை ஆள் இருந்தால் சொல்லுங்களேன்.